அகலமான துளையில் ஒல்லியான கேபிள்

ஆடிவேல் முடிந்த கிழமை, ரொறன்ரோவுக்குத் திரும்ப இரண்டு நாள் இருக்கையில், குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் ஒரு வன்தட்டில் போட்டுத் தரும்படி அக்கா கேட்டார். அப்பா எடுத்த பழைய படங்களின் ஸ்கேன் பிரதிகள், மூன்று திருமண வீடியோக்கள், பிள்ளைகளின் பிறந்தநாள்கள் என எல்லாமாக 640 கிகாபைட் இருந்தது. வெள்ளவத்தை வீட்டில் உள்ள என் மேசைக் கணினியில் வெளி வன்தட்டைச் செருகி நகலெடுக்கத் தொடங்கியபோது, திரையில் வேகம் வினாடிக்கு 35 மெகாபைட் என்றும், முடிய ஐந்து மணித்தியாலம் ஆகும் என்றும் காட்டியது. "புது ஹார்ட் டிஸ்க் எண்டுதானே சொன்னனீ?" என்று அக்கா கேட்டதில் நியாயம் இருந்தது, ஏனென்றால் அது உண்மையிலேயே புதியதுதான்.

இதே வன்தட்டை இரண்டு மாதங்களுக்கு முன் பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் காட்டியிருந்தேன். அங்கிருந்த தம்பி அதைச் செருகிப் பார்த்துவிட்டு, டிஸ்க் போகப் போகிறது, வேறொன்று வாங்குங்கள் என்றார். அதற்குமுன் ஒரு கிழமையாக நான் இணையத்தில் அந்த வன்தட்டுக்குரிய ட்ரைவரை, அதாவது கருவியைக் கணினி இயக்க உதவும் மென்பொருளைத் தேடி, கிடைத்தவற்றையெல்லாம் நிறுவி, நீக்கி, மீண்டும் நிறுவியிருந்தேன். அவர் தட்டைக் குறை சொன்னார், நான் மென்பொருளைக் குறை சொன்னேன். அந்த 35 என்ற எண் என்ன சொல்கிறது என்று இருவருமே யோசிக்கவில்லை.

வெளி வன்தட்டின் வேகம் தற்செயலாக அமைவதில்லை. 1998 இல் வந்த யூஎஸ்பி 1.1 இன் உச்ச வேகம் வினாடிக்கு 12 மெகாபிட். நடைமுறையில் ஒரு மெகாபைட் அளவில்தான் கிடைக்கும். 2000 இல் வந்த 2.0 இன் உச்சம் 480 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் அதை எட்டால் வகுத்தால் 60 மெகாபைட் என்று கணக்கு வந்தாலும், தரவை ஒழுங்குபடுத்துவதற்கான செய்திப் பரிமாற்றங்கள் போக, கையில் கிடைப்பது 30 முதல் 40 வரைதான். 2008 இல் வெளியான 3.0 வினாடிக்கு 5 கிகாபிட் கொண்டது. அதன் குறியாக்க முறையில் ஒவ்வொரு 8 பிட்டும் 10 பிட்டாக அனுப்பப்படுவதால் 500 மெகாபைட்டுக்கு மேல் போகாது. ஆனால் சுழலும் இரண்டரை அங்குல வன்தட்டு எப்படியும் 100 முதல் 130 மெகாபைட் அளவில்தான் எழுதும் என்பதால் அந்த எல்லை அதைத் தொடுவதே இல்லை. ஆகவே, பெரிய வீடியோக் கோப்பொன்றை நகலெடுக்கும்போது வேகம் 35 இல் ஏறாமலும் இறங்காமலும் நேர்கோடாக நின்றால், தட்டு நலமாக இருக்கிறது, இணைப்புத்தான் 2.0 ஆக அமைந்திருக்கிறது என்று ஓரளவு நிச்சயமாகவே சொல்லலாம். சாகப் போகும் தட்டு இப்படி ஒழுங்காக ஓடாது. பூச்சியத்துக்கு விழும், எழும்பும், மீண்டும் விழும்.

இணைப்பு ஏன் 2.0 ஆக அமைந்தது என்பதற்கான விடை என் கையிலேயே இருந்தது. வன்தட்டோடு வந்த கேபிள் வீடு மாறியபோது தொலைந்துபோக, கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் பழைய கேபிளைச் செருகிப் பாவித்து வந்தேன். இவ்வகை வன்தட்டுகளில் உள்ள துளை இரண்டு பகுதிகளாக, ஒரு பெரியதும் ஒரு சிறியதுமாக அகன்றிருக்கும். பெரிய பகுதி பழைய மைக்ரோ யூஎஸ்பி வடிவமே. சிறிய பகுதியில்தான் 3.0 க்குரிய புதிய கம்பிகள் வருகின்றன. ஒல்லியான கேபிள் பெரிய பகுதியில் பிசகில்லாமல் பொருந்திவிடும், வன்தட்டும் வேலை செய்யும், எந்த எச்சரிக்கையும் வராது. யூஎஸ்பி 2.0 க்கு நான்கு கம்பிகள் போதும், 3.0 க்கு அவற்றோடு இன்னும் ஐந்து வேண்டும். அந்த ஐந்தும் இல்லாத இடத்தில் கணினி முறைப்பாடு செய்யாமல் பழைய வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. இந்தப் பெருந்தன்மைதான் என்னை இரண்டு மாதம் ஏமாற்றியது.

ஊகிக்க வேண்டிய தேவையும் இல்லை, இணைப்பு எந்த வேகத்தில் அமைந்திருக்கிறது என்பதைக் கணினியிடமே கேட்கலாம். லினக்ஸில் 'எல்எஸ்யூஎஸ்பி' கட்டளையோடு சிறிய 'டி' விருப்பைச் சேர்த்தால் ஒவ்வொரு கருவிக்கும் அருகில் 480எம் அல்லது 5000எம் என்று வரும். மக் கணினியில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் யூஎஸ்பி பகுதியைத் திறந்தால் வேகம் எழுதியிருக்கும். விண்டோஸில் மைக்ரோசொஃப்ட்டின் யூஎஸ்பிவியூ என்ற சிறு கருவி இதைக் காட்டும்.

மறுநாள் காலை புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போய் அகன்ற முனை கொண்ட கேபிளொன்று வாங்கி வந்தேன். மேசையின் அடியிலிருந்து மேலே வர வசதியாக இருக்கட்டும் என்று நீளமானதையே தேர்ந்தது என் அடுத்த தவறு. கணினியின் முன்பக்கத் துளையில் செருகியதும் வேகம் 110 க்குப் பாய்ந்தது. பத்து நிமிடத்தில் தட்டு திரையிலிருந்தே மறைந்தது. மீண்டும் தோன்றியது, மீண்டும் மறைந்தது.

இந்த இடத்தில்தான் எல்லோரும் ட்ரைவரை நோக்கி ஓடுகிறார்கள், நானும் முன்பு ஓடினேன். யூஎஸ்பி வன்தட்டுக்கென்று அதன் தயாரிப்பாளர் தரும் தனி ட்ரைவர் பொதுவாகக் கிடையாது. விண்டோஸ் தன்னுள்ளேயே வைத்திருக்கும் பொதுவான ட்ரைவர்தான் அதை இயக்குகிறது. தயாரிப்பாளரின் ட்ரைவர் தேவைப்படக்கூடிய இடம் கணினியின் உள்ளே இருக்கும் யூஎஸ்பி கட்டுப்பாட்டுச் சில்லு. தெஹிவளையில் அத்தானின் அலுவலகக் கணினியில் இதை நேரில் கண்டேன். 3.0 க்குரிய நீலத் துளையில் எதைச் செருகினாலும் அசைவில்லை, 2.0 க்குரிய கறுப்புத் துளையில் எல்லாம் வேலை செய்தது. காரணம் அதில் இன்னமும் விண்டோஸ் 7 ஓடியதுதான். 2012 இல் வந்த விண்டோஸ் 8 இலிருந்துதான் 3.0 கட்டுப்பாட்டுச் சில்லுக்கான ட்ரைவர் விண்டோஸுடனேயே வருகிறது. அதற்கு முந்தியவற்றில் மதர்போர்ட் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுத்து நிறுவ வேண்டும். நிறுவியதும் நீலத் துளை உயிர்பெற்றது. எல்லா ட்ரைவர்களையும் ஒரே சொடுக்கில் புதுப்பித்துத் தருவோம் என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களை நான் இப்போது தொடுவதே இல்லை.

என் கணினியில் விண்டோஸ் 10 இருந்ததால் அந்தக் காரணம் பொருந்தவில்லை. கணினியில் நடந்தவற்றின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்த்தபோது, தட்டு மறைந்த ஒவ்வொரு நேரத்துக்கும் எதிரே 129 என்ற எண்ணுடன், கருவிக்கு மறுதொடக்கக் கட்டளை அனுப்பப்பட்டது என்ற பதிவு இருந்தது. கட்டளை போகிறது, பதில் வரவில்லை, கணினி பொறுமையிழந்து இணைப்பை உதறி மீண்டும் தொடங்குகிறது என்பதே இதன் பொருள். தட்டில் தரவு எழுதப்படும் சிறு துண்டான செக்டர் பழுதானதைக் குறிக்கும் 7 என்ற எண் ஒரு முறைகூட இல்லாதது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மறைந்திருக்கும் கருவிகளைக் காட்டச் செய்து, மங்கலாகத் தெரிந்த பழைய பதிவுகளை நீக்கினேன். இப்படி நீக்குவதால் தட்டில் உள்ள கோப்புகளுக்கு எதுவும் ஆகாது என்பதைப் பயப்படுகிறவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க யூஎஸ்பி ஹப்பை அணைத்துவைக்கும் அனுமதியையும் எடுத்துவிட்டேன். மறைவது குறைந்ததே தவிர நிற்கவில்லை.

நின்றது பின்பக்கத் துளைக்கு மாற்றியபோதுதான். கணினிப் பெட்டியின் முன்பக்கத் துளைகள் மதர்போர்டிலிருந்து இன்னொரு உட்கேபிள் வழியாக வருகின்றன. அதோடு என் நீளக் கேபிளும் சேர்ந்தால் 5 கிகாபிட் சமிக்ஞை களைத்துப்போகிறது. 2.0 துளையொன்று 500 மில்லிஅம்பியர், 3.0 துளையொன்று 900 மில்லிஅம்பியர் மின்னோட்டம் தர வேண்டும் என்பது விதி. ஆனால் தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில் அதைவிடக் கூடுதலாக இழுக்கலாம், மெல்லிய நீளக் கேபிளில் மின்னழுத்தமும் விழும். தட்டிலிருந்து டிக் டிக் என்ற ஒலி கேட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த மின்பசியைத்தான். கடலுக்கும் காலி வீதிக்கும் நடுவில் குடியிருக்கும் எங்களுக்கு இன்னொரு வில்லங்கமும் உண்டு: உப்புக் காற்றில் துளைகளின் தொடுமுனைகள் மங்கிவிடுகின்றன. ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் நனைத்த மெல்லிய தூரிகையால், கணினியை அணைத்து வைத்துத் துடைத்தேன். நண்பர் ஒருவரிடம் முப்பது சென்ரிமீற்றர் கேபிளொன்றை இரவல் வாங்கி, பின்னால் செருகினேன். அதன்பின் 129 வரவில்லை.

வேகத்தைக் கூட்ட எழுதும் தற்காலிக நினைவகத்தை முடுக்கிவிடுங்கள் என்ற அறிவுரையும் பல இடங்களில் உண்டு. 2018 இன் 1809 பதிப்பிலிருந்து விண்டோஸ் 10 வெளித்தட்டுகளுக்கு அதை இயல்பாகவே அணைத்து வைக்கிறது. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைப் பார்த்த ஊரில், யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் அதை முடுக்கிவிட எனக்குத் துணிவில்லை. எழுதப்படாத கோப்பு மின்சாரத்தோடு போய்விடும்.

படங்கள் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் என்பதால் அவை நகலாகும்போது வேகம் 40 க்கும் கீழே போனது. இது இணைப்புக் குறையல்ல, ஒவ்வொரு சிறு கோப்புக்கும் தட்டின் தலை இடம் தேடி அலைகிறது என்பதுதான். வீடியோக்கள் வந்ததும் மீண்டும் 110. எல்லாம் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்தது. நகல் முடிந்தபின் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் தட்டின் நலத்தைப் பார்த்தேன். பழுதெனச் சந்தேகத்தில் நிலுவையிலுள்ள செக்டர்கள் பூச்சியம்.

ஒரேயொரு புதிய தொல்லை மிஞ்சியது. தட்டு ஓடும்போதெல்லாம் வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி நகர்ந்தது. 3.0 இணைப்பு, வயர்லெஸ் மவுஸ் பாவிக்கும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012 இல் ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. மவுஸின் சமிக்ஞையை வாங்கும் சிறு கருவியோ தட்டுக்கு அடுத்த துளையில்தான் இருந்தது. அதை முன்பக்கத் துளைக்கு மாற்றினேன், மவுஸ் சீராக நகர்ந்தது. அக்கா அந்த நேரம் பயணப் பெட்டியை நிறுத்துக்கொண்டிருந்தார். தட்டோடு முப்பது சென்ரிமீற்றர் கேபிளையும் சேர்த்து அவரிடம் கொடுத்து, இதை மட்டும் தொலைக்க வேண்டாம் என்றேன். நண்பருக்கு வேறொன்று வாங்கிக் கொடுக்க வேண்டும்.