வாளித் தண்ணீர் செபம்

ஒரு மாதமாகக் காலை அஞ்சரைக்கு எழுந்து அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்து செபம் செய்து பார்க்கிறேன். செபமாலை இல்லை, புத்தகம் இல்லை, வாயே திறப்பதில்லை. கொடைக்கானலில் இப்போது விடியலில் ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் தவிர ஒன்றும் தெரியாது, அதனால் மனசு அலையாது என்று நம்பினேன். எங்கே! கேஸ் புக் பண்ணணும், கேரட் என்ன விலை போகுதோ, தம்பி ஏன் போன் எடுக்கல என்று ஒரே பராக்கு.

சலேத் மாதா கோயிலின் ஆகஸ்ட் திருவிழாவில் சத்தமாகப் பாடிச் செபித்தே வளர்ந்தவள் நான், மௌனம் பழக்கமில்லை.

அவிலா புனித தெரேசா, 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் துறவி, 1970இல் திருச்சபையின் மறைவல்லுநராக (விசுவாசத்தைப் போதிப்பதில் சிறந்த ஆசிரியர் என்ற பட்டம்) அறிவிக்கப்பட்டவர், செபத்தைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதோடு ஒப்பிடுகிறார்: முதலில் கிணற்றில் இறைக்கிற பாடு, அப்புறம் ஏற்றச் சக்கரம், அப்புறம் ஓடைத் தண்ணீர், கடைசியில் மழை. மழை பெய்தால் தோட்டக்காரருக்கு வேலையே இல்லை, ஆனால் அதை யாரும் வரவழைக்கவும் முடியாது. மலைத்தோட்டம் வைத்திருக்கிற எங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்! அவரே பல வருஷம் செப நேரம் எப்போது முடியும் என்று மணியையே எதிர்பார்த்துக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறார், அதைப் படித்தபிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

நான் இன்னும் வாளியும் கயிறுமாகத்தான் இருக்கிறேன். இன்று இருபதாவது நிமிஷத்தில் பால்காரர் அண்ணன் "அக்கா" என்று கூப்பிட்டார், துள்ளி எழுந்து ஓடினேன்.