கண்டியை ஒரே நாளில் காட்டுவது

ஒரே நாளில் கண்டியில் என்னென்ன பார்க்கலாம் என்று கேட்டு வாட்ஸ்அப்பில் செய்தி வரும். நான் பதிலுக்கு அனுப்பும் பட்டியல் வருடத்துக்கு வருடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. தொழிலுக்கு வந்த புதிதில் புத்தரின் பல்லைப் பேழையில் வைத்திருக்கும் தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா, பஹிரவகந்த புத்தர் சிலை, உடவத்தகலைக் காடு, ஹந்தானைத் தேயிலை நூதனசாலை, எம்பக்கே தேவாலயம், லங்காதிலக விகாரை, நடனக் காட்சி என்று ஒரே மூச்சில் எழுதி அனுப்புவேன். இப்போது நான்கைந்து இடம்தான். "இன்னொருத்தர் ஒன்பது இடம் காட்டுறதாகச் சொல்றாரே" என்று சிலர் கேட்பார்கள். காட்டலாம். வேன் ஜன்னலால் பதினைந்து இடம்கூடக் காட்டலாம்.

நான் சாரதி வழிகாட்டி. வண்டியும் நானே ஓட்டுவேன், விளக்கமும் நானே சொல்வேன். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை தந்த அட்டை கழுத்தில் தொங்கும். பெரிய பஸ்ஸில் வரும் கூட்டத்துக்குத் தேசிய வழிகாட்டி இருப்பார், மைக் பிடித்துப் பேசுவார். என்னிடம் வருவது இரண்டு பேர், நான்கு பேர், மிஞ்சினால் தாத்தா பாட்டியோடு ஒரு குடும்பம். இவர்கள் தனியாக வண்டி பிடிப்பது சொகுசுக்காக என்று பலர் நினைக்கிறார்கள். சொகுசு கொஞ்சம்தான். காசு கொடுத்து இவர்கள் வாங்குவது நேரத்தை. ஓரிடம் பிடித்துப்போனால் அரை மணி நேரம் கூட நிற்கலாம், பிடிக்கவில்லை என்றால் உடனே கிளம்பலாம். பஸ்ஸில் வருகிறவனுக்கு அது கிடைக்காது. அந்த நேரத்தை வேறு யாரும் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. தின்பதற்குத்தான் எத்தனை பேர்: வாகன நெரிசல், கடைக்காரர்கள், கடைசியில் வாய் ஓயாத வழிகாட்டியும்.

பேராதனைப் பூங்காவுக்குக் காலை ஏழரைக்கே போய்விட வேண்டும். மகாவலி மூன்று பக்கமும் வளைத்து ஓட, நடுவில் 147 ஏக்கர். 1821இல் அலெக்சாண்டர் மூன் தொடங்கிவைத்த தோட்டம். வெயில் ஏறிவிட்டால் வயதானவர்களுக்குப் பாதி தூரம்கூட நடக்க முடியாது. இங்கே யாருக்கு எதைக் காட்டுவது என்பதில்தான் கைப்பழக்கம் இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து வரும் முதியவர்களுக்கு, பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவரும் அவர் மனைவியும் 1901இல் நட்ட மரம். ரஷ்யர்களுக்கு, யூரி ககாரின் 1961இல் நட்ட மரம். இரண்டாம் உலகப்போர் பற்றி வாசித்தவர் யாராவது இருந்தால், மவுன்ட்பேட்டன் பிரபு 1944இல் தென்கிழக்காசியப் படைகளின் தலைமையகத்தை இந்தப் பூங்காவுக்குள்தான் வைத்திருந்தார் என்று சொல்வேன், முகம் மலரும். பிள்ளைகளுக்கு இதில் எதுவும் வேண்டாம். உச்சிக் கிளைகளில் தலைகீழாகத் தொங்கிச் சண்டை போடும் பழந்தின்னி வௌவால்கள் போதும்.

அந்த 1901 மரம் நாகலிங்க மரம். வெள்ளைக்காரர்கள் அதன் காயைத்தான் பார்ப்பார்கள். பீரங்கிக் குண்டு மாதிரி உருண்டையாக, கிளையை விட்டு அடிமரத்திலிருந்தே தொங்கும். சென்னையிலிருந்து வந்த ஓர் அம்மா, யார் நட்டது என்று எழுதியிருக்கும் பலகையைத் திரும்பியும் பார்க்கவில்லை. கீழே விழுந்து கிடந்த பூவை எடுத்து, மேல் இதழை விரலால் மெல்லத் தூக்கி, உள்ளே லிங்கமும் அதன்மேல் கவிந்த நாகப் படமும் பேரனுக்குத் தெரியும்படி காட்டினார். ராஜா நட்ட கதையைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அப்படியே மூடிக்கொண்டேன்.

தலதா மாளிகைக்குக் கிளம்பும் முன்பு நான் பார்ப்பது விருந்தாளியின் உடையை. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அதைவிட முக்கியமாகக் கையையும் காலையும் பார்ப்பேன். 2014இல் கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த ஒரு பிரித்தானியப் பெண்ணை நாடுகடத்தியது உலகச் செய்தியானது. அதற்குப் பிறகு இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்குமே கண் தானாக அங்கே போகும். புத்தருக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கக் கூடாது என்பதையும் வேனிலேயே சொல்லி முடித்துவிடுவேன். உள்ளே போன பிறகு சொன்னால் அதட்டுவது போலாகிவிடும். செருப்பைக் கழற்றி வைத்த பிறகு முற்றத்துக் கல் பதினொரு மணி வெயிலில் எப்படிச் சுடும் என்பது அனுபவித்தவருக்குத்தான் தெரியும். வண்டியில் எப்போதும் தடித்த காலுறை சில சோடி கிடக்கும்.

பூசை மூன்று வேளை: காலை ஐந்தரை, ஒன்பதரை, மாலை ஆறரை. அந்த நேரத்தில் கீழே மேளம் முழங்க, மேல்மாடியில் வரிசை நகரும். சனம் தாமரையும் நீலோற்பலமும் ஏந்திக்கொண்டு நிற்கும். திறந்த வாசலுக்கு நேரே வரும்போது உள்ளே பொற்பேழை சில விநாடி தெரியும், அதற்குள் பின்னால் நிற்பவர் முழங்கை இடித்துவிடும். பல் தெரியாது, பேழை மட்டும்தான். இதை முன்கூட்டியே சொல்லாமல் அழைத்துப்போனால் வெளியே வந்ததும் "எங்கே பல்?" என்று கேட்பார்கள். காலையில் போகும் வழிகாட்டிகள் பெரும்பாலும் ஒன்பதரைப் பூசைக்குத்தான் கூட்டிப்போகிறார்கள். நான் பெரும்பாலும் கூட்டம் கலைந்த பிறகு, பத்தரை மணியளவில் போவேன். வாசல் மூடியிருக்கும். ஆனால் தந்தப் பதிப்பு வேலைப்பாட்டையும் கூரை ஓவியத்தையும் நின்று பார்க்கலாம். மூலையில் உட்கார்ந்து பிரித் என்ற பௌத்த மந்திரம் ஓதும் கிழவியின் குரலும் காதில் விழும். மேளச் சத்தம்தான் வேண்டும் என்பவர்களை மாலைப் பூசைக்கு அழைத்துப்போகிறேன்.

மாளிகைக்குப் பக்கத்தில் மகுல் மடுவ. மரத் தூண்கள் நிறைந்த திறந்த மண்டபம், கண்டி அரசர்களின் கொலுமண்டபம். கண்டி அரசை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த கண்டி ஒப்பந்தம் 1815 மார்ச் 2ஆம் திகதி இங்கேதான் நடந்தது. பஸ் கூட்டங்கள் இரண்டு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும் இடம். எனக்கோ நகரத்திலேயே பிடித்த இடம். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், இயற்பெயர் கண்ணுசாமி, மதுரைப் பக்கத்து நாயக்கர் வழி. பிலிமத்தலாவ என்ற முதலமைச்சர் 1798இல் இவரை அரியணை ஏற்றினார். கண்டி வாவியை வெட்டியவரும் இவரே. வயல்வெளியாக இருந்த இடத்தை அணைகட்டி மறித்து 1812 அளவில் முடித்தார். அதற்குக் கட்டாய வேலை வாங்கினார் என்ற கோபம் பிரதானிகளிடமும் சனங்களிடமும் கொதித்தது. மன்னருக்கு எதிராகத் திரும்பிய எஹெலெப்பொல என்ற பிரதானியின் மனைவி பிள்ளைகளை 1814இல் கொன்ற கொடூரத்தை இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கோபத்தை ஊதிப் பெரிதாக்கிய ஜோன் டொய்லி என்ற ஆங்கிலேய அதிகாரியைத்தான் அவ்வளவு பேருக்குத் தெரியாது. கொடுங்கோலனா, சூழ்ச்சியில் வீழ்ந்தவனா என்று கேட்டால் இரண்டும் என்றே சொல்வேன். நான் தமிழன் என்பதால் அவருக்கு வக்காலத்து வாங்குவேன் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். தங்களுக்குத் தாளம் போட்டுக்கொண்டு அவரைத் திட்டித் தீர்ப்பேன் என்று வேறு சிலர். இரண்டு பேருக்கும் ஏமாற்றம்தான்.

ஒருமுறை வேலூரிலிருந்து ஒரு பெரியவர் மகள் குடும்பத்தோடு வந்திருந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மன்னரைப் பிடித்து, மனைவிமாரோடு கப்பலேற்றி, வேலூர்க் கோட்டையில் அடைத்தார்கள், 1832இல் அங்கேயே இறந்தார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, பாலாத்துப் பக்கம் முத்து மண்டபம்னு ஒண்ணு இருக்கு. அது இவரோடதா?"

"ஆமா ஐயா. அவருடைய கல்லறைதான்."

"நாப்பது வருஷமா அந்தப் பக்கம் போய் வந்திருக்கேன். யாரோ ஜமீன்தார்னு நினைச்சேன்."

தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். எந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள், மன்னர் அன்றைக்கு எங்கே இருந்தார், பிடிபட்டபோது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கையெழுத்து நாளில் மன்னர் இங்கே இல்லை, அதற்கு முன்பே பிப்ரவரி 18ஆம் திகதி மெதமகாநுவர பக்கம் பிடித்துவிட்டார்கள் என்றேன். மருமகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அன்று பஹிரவகந்தவைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன், 88 அடிப் புத்தரைக் கீழே வீதியிலிருந்தே காட்டினேன். மருமகனுக்கு அவ்வளவு திருப்தி இல்லை. அதற்கு என்ன செய்ய, அன்றைய நாள் மாமனாருடையது.

1998 ஜனவரி 25 குண்டுவெடிப்பைப் பற்றிக் கேட்காத வெளிநாட்டவர் குறைவு. என் பெயரைக் கேட்டுவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். புலிகள் லொறியில் குண்டு வைத்துத் தாக்கினார்கள், பொதுமக்கள் இறந்தார்கள், மாளிகையின் முகப்பு சிதைந்தது, பிறகு திருத்திக் கட்டினார்கள். இவ்வளவும் நேராகச் சொல்லிவிடுவேன். சுற்றி வளைத்தால்தான் சந்தேகம் வரும். அந்தத் தாக்குதலுக்குப் பிறகு மாளிகைக்கு முன்னால் போகும் வீதி நீண்ட காலம் வாகனங்களுக்கு மூடிக் கிடந்தது. கண்டி நெரிசலுக்கு அதுவும் ஒரு காரணம். மலைக் கிண்ணத்துக்குள் இருக்கிற ஊர் இது. பேராதனை, கட்டுகஸ்தோட்டை, தென்னெக்கும்புர என்று மூன்று பக்கத்திலிருந்து வரும் வண்டியெல்லாம் வாவியைச் சுற்றித்தான் போயாக வேண்டும். இதில் மதியம் ஒன்றரைக்கு எல்லாப் பாடசாலையும் ஒன்றாக விடும். அப்போது நகரத்துக்குள் மாட்டினால் அன்றைய பின்னேரம் அவ்வளவுதான். ஆகவே ஒரு மணிக்கு முன்பே ஹந்தானை ஏறிவிடுவேன்.

ஹந்தானைத் தேயிலை நூதனசாலை 1925இல் கட்டிய பழைய தொழிற்சாலை. 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் பாவனைப் பொருட்கள், உருட்டும் இயந்திரங்கள், மேல்மாடியில் தேநீர். எல்லாம் துடைத்துப் பளபளவென்று இருக்கும். ஆட்களைவிட இயந்திரத்துக்குத்தான் அங்கே இடம் அதிகம். தேநீர் குடிக்கும்போது யாராவது "கொழுந்து பறித்தவர்கள் யார்?" என்று கேட்டால் மட்டும் நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவேன். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்த முதல் தலைமுறை, கங்காணி, லயம் என்ற வரிசை வீடுகள், விடியலில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களம், 1948இல் பறிபோன குடியுரிமை. என் பாட்டியும் கொழுந்தெடுத்தவர்தான். கேட்காதவரிடம் இதைச் சொல்வதில்லை. காசு கொடுத்துச் சுற்றிப்பார்க்க வந்தவரிடம் என் குடும்பக் கதையைச் சொன்னால், அடுத்த நிமிடம் அவர் கை பர்ஸுக்குப் போகும். அது எனக்குப் பிடிக்காது.

பர்ஸ் என்றதும் கடைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரத்தினக்கல் கடை, பத்திக் (batik) துணிக்கடை, மரச்சிற்பக் கடை, மாவனெல்லைப் பக்கமும் மாத்தளை வீதியிலும் ஏலம், கறுவாப்பட்டை போன்ற வாசனைத் திரவியத் தோட்டங்கள். தோட்டம் இலவசம், விளக்கம் இலவசம், முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதும் இலவசம். கடைசியில் ஒரு கதவு திறக்கும், அது கடைக்குள் போகும். முடி கொட்டவும் ஒரு களிம்பு, முடி வளரவும் ஒரு தைலம். விற்கிற விலையில் நல்லதொரு பங்கு அழைத்துவந்த சாரதிக்கு. சுற்றுலாப் பயணிகள் இணையத்தில் சாரதிகளைக் கள்வர் என்று எழுதுகிறார்கள். நான் முதலில் வேலை செய்த நிறுவனம் நாட்கூலியை நிர்ணயிக்கும்போதே "கடையிலும் வருமே" என்று சொல்லித்தான் குறைத்தது. கொமிஷன் இல்லாமல் அந்தக் கூலியில் வீட்டு வாடகை கட்ட முடியாது. பல ஹோட்டல்களில் சாரதிகளுக்குத் தரும் அறையை நீங்கள் பார்த்தால் மிச்சத்தை விளங்கிக்கொள்வீர்கள்: ஜன்னல் இல்லை, கொசு மட்டும் உண்டு.

தனியாகத் தொழில் தொடங்கியதும் கட்டணத்தைக் கூட்டினேன், கடைகளை விட்டேன். முதல் செய்தியிலேயே அதை எழுதிவிடுகிறேன். பாதிப் பேர் விலையைப் பார்த்ததும் காணாமல் போவார்கள். ஒரு மணி நேரம் நகைக்கடையில் இருத்தி எடுக்கிற காசு அந்த மலிவு விலைக்குள் ஒளிந்திருக்கிறது என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது? சொன்னால் பொறாமை என்பார்கள். உண்மையிலேயே ஏதாவது வாங்க ஆசைப்பட்டால் வாவி முனையில் இருக்கும் மத்திய சந்தையில் இறக்கிவிடுகிறேன். ஏலமும் கறுவாவும் அங்கே பேரம் பேசி வாங்கலாம். நான் வெளியே நின்று பிளேன்டீ குடிப்பேன்.

மாலை ஐந்து மணிக்கு நடனக் காட்சி, அது தீமிதியோடு முடிய, ஆறரைக்குப் பூசை. இரண்டையும் சேர்த்துப் போடுவதுதான் எல்லா நிறுவனமும் செய்வது, கணக்கும் சரியாக வரும். விருந்தாளியின் நிலைமைதான் சரியாக வராது. காலை ஏழரையிலிருந்து நடந்தவர் இருட்டு மண்டபத்தில் உட்கார்ந்ததும் மேளச் சத்தத்திலேயே தூங்கி விழுவார். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். இரண்டும் வேண்டாம் என்பவரை ராஜபிஹில்ல மாவத்தைக்கு ஏற்றிப்போவேன். மேலிருந்து வாவி, மாளிகை, நகரம் மூன்றும் ஒரே பார்வையில் தெரியும். ஆமை வடை விற்பவரும் பாம்புக்காரரும் சூழ்ந்துகொள்வார்கள்தான், ஆனாலும் காற்று நன்றாக இருக்கும்.

இறக்கிவிட்டு வீடு போய்ச் சேரும் முன்பே நாளைய விருந்தாளியின் செய்தி வந்திருக்கும். "பத்து மணிக்குத் தொடங்கலாமா?" தொடங்கலாம், பூங்காவை விட்டுவிட வேண்டும் என்று எழுதுவேன். பெரும்பாலும் ஏழரைக்கே சம்மதித்துவிடுவார்கள். உடனே ஹோட்டலுக்கு அழைத்து, காலைச் சாப்பாட்டைப் பார்சல் கட்டித் தரச் சொல்ல வேண்டும். பசியோடு வருகிறவரிடம் எந்த ராஜா நட்ட மரத்தைக் காட்டினாலும் எடுபடாது.