கால் அடி

வாணியம்பாடிப் பக்கம் ஒரு டேனரியில் நான்கு வருடம் அளவு எடுக்கும் செக்‌ஷனில் வேலை பார்த்தேன். சாயம் ஏற்றி முடித்த ஆட்டுத்தோல் ஒவ்வொன்றாக மிஷினுக்குள் போகும், மறுபக்கம் வரும்போது எத்தனை சதுர அடி என்று எண் விழும், அதைத் தோலின் உள்பக்கம் எழுதி அடுக்க வேண்டும். முழு அடியைப் பெரிதாகவும் கால் கணக்கை அதன் தலைமேல் பொடியாகவும் எழுதுவோம். ஐந்துக்கு மேல் சின்னதாக இரண்டு என்றால் ஐந்தரை. அந்த இரண்டை மூன்றாக்கினால் யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் ஆயிரம் தோலுக்கு 250 சதுர அடி, இல்லாத தோலுக்குக் காசு.

என்னோடு இரண்டு பேர். ஒருவர் பாய், ஐந்து வேளைத் தொழுகை தவறாதவர். இன்னொருவர் கறுப்புச் சட்டை அண்ணன். சாப்பாட்டு நேரத்தில் இருவரும் மோதிக்கொள்ளாத நாள் கிடையாது. "மேல ஒருத்தன் பாக்குறான்னு இல்லேன்னா மனுசன் எதுக்குத் தம்பி யோக்கியமா இருக்கணும்?" என்பார் பாய். "பயந்துக்கிட்டு இருந்தா அது யோக்கியமா பாய்?" என்பார் அண்ணன். 1973 டிசம்பர் 24 அன்று பெரியார் உயிர் பிரிந்தது வேலூர் சி.எம்.சி.யில், கிறிஸ்தவ மிஷன் மருத்துவமனையில், இதை இருவருமே தங்கள் கட்சிக்குச் சாட்சியாக இழுப்பார்கள். மதம்தான் அவருக்கும் வைத்தியம் பார்த்தது என்பார் பாய், நோயாளியிடம் நம்பிக்கையைக் கேட்காத மனசுதான் பார்த்தது என்பார் அண்ணன்.

ஒருநாள் லோடு அவசரம். ஒவ்வொரு தோலிலும் ஒரு கால் சேர்த்து எழுதச் சொல்லி மேலிருந்து உத்தரவு.

பாய் பேனாவை மூடி வைத்துவிட்டார். அளவில் மோசடி செய்கிறவர்களைக் கண்டித்தே குர்ஆனில் ஒரு அத்தியாயம் இருக்கிறது, 83ஆவது, அதற்கு மேல் அவருக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. அண்ணன் சொன்னது இது: "ஷூ கம்பெனியில கட்டிங் பண்றவனுக்கு இத்தனை அடிக்கு இத்தனை ஜோடின்னு கணக்கு. தோல் பத்தலேன்னா திட்டு அவனுக்குத்தான் விழும்." இருவரும் எழுதவில்லை. நான் எழுதினேன். கடவுள் இருக்கிறாரா என்றெல்லாம் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை, லாரி நிற்கிறது என்பது மட்டும்தான் மண்டையில் இருந்தது.

பிற்பாடு ஒரு ஆய்வைப் பற்றிப் படித்தேன். டார்லி, பேட்சன் என்ற இருவர் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் மாணவர்களை வைத்துச் செய்தது, 1973இல் வெளியானது. போகிற வழியில் ஒரு ஆள் இருமிக்கொண்டு சுருண்டு கிடக்கிறார். நேரம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள், நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய அந்நியனைப் பற்றிய பைபிள் கதையை, நல்ல சமாரியன் கதையை, பேசப் போனவர்களா இல்லையா என்பதுகூடப் பெரிய வித்தியாசம் செய்யவில்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அறம் மனுசனோடு பிறந்தது என்றுதான் இன்றைக்கு நான் நினைக்கிறேன். முகம் தெரியாத அந்தக் கட்டிங்காரரை அண்ணனுக்குக் காட்டியது எந்த வேதமும் இல்லை. ஆனால் அவசரத்தில் அது மங்கிவிடும், அப்போது கையைப் பிடித்து நிறுத்த ஏதோ ஒன்று வேண்டும், பாய்க்கு அவருடைய மார்க்கம் அதைச் செய்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அன்று சாயங்காலம் நான் எழுதிய அடுக்கை இருவரும் பிரித்தார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாய் ஒவ்வொரு தோலாக மறுபடி மிஷினில் விட, அண்ணன் அந்தப்பக்கம் வாங்கி என் எண்ணை அடித்துத் திருத்தினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன், அப்புறம் நானும் போய் அடுக்க ஆரம்பித்தேன்.