பத்து வாரம் பழைய பதிவு

இடுப்பு மூட்டிலிருந்து ஊசியால் எடுத்த நீர், அரை மில்லிலிட்டர்கூட இருக்காது. கலங்கலாக, மஞ்சளாக இருந்தது. படிவத்தில் வயது மூன்று மாதம், சோதனை பாக்டீரியா கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்ப்பது. அவ்வளவுதான். நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்கு வரும் படிவங்கள் பெரும்பாலும் இப்படித்தான். நோயாளியின் கதையை நாங்களே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

சாயமிட்ட கண்ணாடித் தகட்டை முதலில் பார்த்த ஆய்வக நுட்பநர், "சீழ் அணுக்கள் நிறைய, பாக்டீரியா இல்லை" என்று எழுதி என் கையெழுத்துக்கு வைத்திருந்தார். அவர் எழுதியதில் பிழையில்லை. மற்ற நாளாக இருந்தால் கையெழுத்திட்டிருப்பேன். அன்று மாதிரிகள் குறைவு என்பதால் தகட்டை நானும் ஒருமுறை நுண்ணோக்கியில் வைத்தேன். ஓரமாக, இரண்டே இடத்தில், கருநீல முட்டை வடிவங்கள். ஒன்றின் தோளில் சிறிய மொட்டு. பாக்டீரியாவைவிடப் பல மடங்கு பெரியவைதான். ஆனாலும் தேடாத கண்ணுக்கு அவை சாயத் துணுக்குகள்.

வார்டுக்குத் தொலைபேசினேன். "மூட்டு நீரில் பூஞ்சை தெரிகிறது."

"தோலிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்குமா, மேடம்?" என்றார் பணியிலிருந்த இளம் மருத்துவர். பூஞ்சை என்றதும் படர்தாமரையும் களிம்பும் நினைவுக்கு வருவது மருத்துவர்களுக்கும் உண்டு.

"குழந்தை குறைமாதமா?"

28 வாரத்தில் பிறந்த குழந்தை. தீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுநாள் இருந்திருக்கிறது: ரத்தக்குழாயில் செருகிய குழாய், அதன் வழியே ஊட்டம், அடுத்தடுத்து ஆண்டிபயாடிக். காண்டிடா என்ற பூஞ்சை ரத்தத்தில் இறங்குவதற்கு இதைவிட வசதியான பாதை கிடையாது.

கணினியில் குழந்தையின் பெயரைத் தேடினால் எதுவும் இல்லை. அப்புறம்தான் உறைத்தது: பிறந்த புதிதில் குழந்தைக்குப் பெயரே இருந்திருக்காது, தாயின் பெயரில்தான் பதிந்திருப்பார்கள். பதிவு எண்ணும் வேறு. தாயின் பெயரைக் கேட்டு வாங்கித் தேடினேன். பத்து வாரத்துக்கு முன் ரத்த கல்ச்சரில் காண்டிடா அல்பிகான்ஸ். கீழே என் கையெழுத்து.

அப்போது குழாயை அகற்றி, ரத்தம் சுத்தமான நாளிலிருந்து 14 நாள் மருந்து கொடுத்திருந்தார்கள். விதிப்படிதான். ஆனால் எலும்பில் தங்கிவிட்ட பூஞ்சை வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், ஓசையின்றி இருக்கும். ஏறத்தாழ ஒன்றரை வயது வரை வளர்ச்சித் தட்டை, அதாவது எலும்பு நீளமாக வளரும் முனைக் குருத்தெலும்பை, ஊடுருவிச் செல்லும் நுண் ரத்தக்குழாய்கள் இருப்பதால், எலும்பில் தொடங்கியது எளிதாக மூட்டுக்குள் போய்விடுகிறது. காய்ச்சல் வர வேண்டிய கட்டாயம்கூட இல்லை. இந்தக் குழந்தைக்கும் காய்ச்சல் இல்லை. துணி மாற்றும்போது வீறிட்டு அழுகிறது, ஒரு காலை மட்டும் உதைப்பதில்லை என்று தாய் சொல்லியிருக்கிறார். தொடையில் போட்ட தடுப்பூசியின் வலி என்று ஒரு வாரம் போனது. எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை. முதல் பத்துப் பதினைந்து நாள்களில் பெரும்பாலும் தெரியாது. அல்ட்ராசவுண்டில்தான் மூட்டில் நீர் கோத்திருந்தது தெரிந்தது.

இரண்டாம் நாள் கல்ச்சர் தட்டில் வெண்ணெய் நிறத்தில் புள்ளிகள் முளைத்தன. அவற்றை ரத்தத்தின் தெளிநீரான சீரத்தில் கலந்து 37 டிகிரியில் வைத்தோம். மூன்று மணி நேரத்துக்குள் முளைக்குழாய் விட்டது. அது அல்பிகான்ஸின் அடையாளம். அதே இனம். அதற்குள் மூட்டைத் திறந்து கழுவி, ஆம்போடெரிசின் என்ற பூஞ்சை மருந்தைத் தொடங்கியிருந்தார்கள். பிறகு ஃபுளூகோனசோல், அதுவும் பூஞ்சை மருந்துதான். எலும்பும் சேர்ந்திருந்தால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை மருந்து. வளர்ச்சித் தட்டு எவ்வளவு சேதப்பட்டது, கால்கள் ஒரே நீளத்துக்கு வளருமா என்பதெல்லாம் குழந்தை நடக்கத் தொடங்கிய பிறகுதான் தெரியும்.

இரண்டு முடிவுகளும் எங்கள் ஆய்வகத்தில்தான் இருந்தன. வார்டு மாறியது, மருத்துவர்கள் மாறினார்கள், குழந்தைக்குப் பெயர் வந்தது. இணைத்துப் பார்க்கக்கூடிய ஒரே இடம் எங்களுடையது. நாங்களும் தற்செயலாகத்தான் பார்த்தோம். இது என்னை நெடுநாள் உறுத்தியது.

ரத்தத்தில் பூஞ்சை வளர்ந்த பச்சிளங்குழந்தைகளுக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். கணினி இருக்கும்போது நோட்டு எதற்கு என்று நுட்பநர் சிரித்தார். சிறு குழந்தையின் மூட்டு நீர் எது வந்தாலும் இப்போது அவரே முதலில் அதைத்தான் புரட்டுகிறார். அதில் பதினொரு பெயர்கள் இருக்கின்றன. எல்லாமே தாய்மார்களின் பெயர்கள்.