சீட் பெல்ட் போட்ட பலாப்பழம்

போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பண்ருட்டிப் பக்கம் ஒரு பண்ணைக்குப் போய்வந்தோம். போகும்போது காரில் ஐந்து பேர். திரும்பி வரும்போது ஆறு. அந்த ஆறாவது ஆள் இப்போது எங்கள் வீட்டில், அம்மாவின் கட்டிலுக்கு அடியில், கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் மனைவி பார்த்த ஒரு ரீல்ஸ். முந்திரிக் கிளையில் கட்டிய ஊஞ்சல், மரத்தடியில் கயிற்றுக் கட்டில், வாழையிலையில் சாப்பாடு. தலைக்கு 100 ரூபாய், சாப்பாடு தனிக் கணக்கு. "லீவு விட்டதுல இருந்து பாப்பா செல்லையே பார்த்துட்டு இருக்கா. ஒருநாள் மண்ணை மிதிக்கட்டும்" என்றாள். சரி என்றேன்.

அம்மாவிடம் சொன்னபோதுதான் சிக்கல். அம்மா பிறந்து வளர்ந்தது காடாம்புலியூர் பக்கம். பத்து வயதிலேயே முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கியவர்.

"அங்க போய் என்னடா பண்ணுவாங்க?"

"முந்திரி பறிக்கலாம், மரத்தடியில உக்காரலாம், கட்டில்ல படுக்கலாம்."

"அதுக்கு அவங்க நமக்கு நூறு ரூவா குடுப்பாங்களா?"

"நாமதாம்மா குடுக்கணும்."

அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அந்த வேலையே வேணாம்னுதான்டா உங்கப்பாவைக் கட்டிக்கிட்டு பாண்டிக்கு வந்தேன்" என்றார். ஆனால் சனிக்கிழமை ராத்திரியே பழைய புடவை ஒன்றை எடுத்துத் தனியாக வைத்திருந்ததை நான் பார்த்தேன்.

விழுப்புரத்திலிருந்து வந்திருந்த மாமனாரும் கிளம்பிவிட்டார். அவருக்கு இரண்டு விஷயங்களில் தான் நிபுணர் என்ற நினைப்பு உண்டு. ஒன்று பலாப்பழம் பொறுக்குவது. இன்னொன்று பதநீர். விழுப்புரத்தில் இருக்கும்வரை இயற்கை உணவு பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். பாண்டி எல்லைக்குள் கால் வைத்தவுடன்தான் அந்த ஆர்வம் வரும். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

காலை ஆறு மணிக்கு லாஸ்பேட்டையிலிருந்து கிளம்பினோம். கிருமாம்பாக்கம் தாண்டி ரோட்டோரம் ஒருவர் சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். "நிறுத்துங்க மாப்ளை" என்றார் மாமா. பனையோலைப் பட்டையில் ஆளுக்கு ஒன்று பதநீர் குடித்தோம். பாப்பா பட்டையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று தெரியாமல் பாதியைச் சட்டைக்குக் கொடுத்தாள். மாமா மட்டும் அந்த மனிதரைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போய்த் தணிந்த குரலில் ஏதோ பேசினார். வரும்போது கையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில், நிறைய.

"வழியில பாப்பாவுக்கு ஆகும்" என்றார்.

பனையேறிகளைத் தெரிந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பாளையில் கட்டும் கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் கள். மரமும் ஒன்றுதான், பாளையும் ஒன்றுதான். நடுவில் இருக்கும் சுண்ணாம்புதான் சட்டம். பாண்டியில் கள்ளுக்கடை வைக்கலாம். தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. எங்கள் கார் முள்ளோடையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. மாமா பாட்டிலைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் வந்தார்.

தென்பெண்ணைப் பாலம் இறங்கினால் ஆல்பேட்டை சோதனைச்சாவடி. பாண்டியிலிருந்து வரும் வண்டியை அங்கே எட்டிப் பார்ப்பார்கள். நாங்கள் குடும்பத்தோடு இருந்ததால் போலீஸ்காரர் கையைக் காட்டி விடத்தான் பார்த்தார். சரியாக அந்த நேரம் மாமாவின் காலடியில் 'டப்' என்று ஒரு சத்தம். பாட்டில் மூடி எகிறி டாஷ்போர்டில் பட்டு என் மடியில் விழுந்தது. வெள்ளை நுரை பொங்கி மாமாவின் வேட்டியில் வழிந்தது.

"என்ன சார் அது?"

"பதநீர்" என்றார் மாமா.

போலீஸ்காரர் குனிந்து மோந்து பார்த்தார். "பதநீர் மூடியைத் தூக்கிப் போடாதே சார்."

பின்சீட்டிலிருந்து அம்மா, "சுண்ணாம்பு பத்தல தம்பி. வேற ஒண்ணுமில்ல" என்றார். உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். முன்சீட்டில் மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

வயதான மனிதர், பேத்தி வேறு கூட இருக்கிறாள் என்று பார்த்தாரோ என்னவோ, கீழே ஊற்றிவிட்டுப் போகச் சொல்லிவிட்டார். மாமா ரோட்டோரம் நின்று பாட்டிலைச் சாய்த்ததைப் பார்த்தால், ஆற்றங்கரையில் நெருங்கிய சொந்தத்துக்குச் செய்யவேண்டியதைச் செய்துகொண்டிருப்பவர் போல இருந்தது.

நெல்லிக்குப்பம் வழியாகப் போயிருக்கலாம். நான் திருவந்திபுரம், பாலூர் வழி நிழலாக இருக்கும் என்று திரும்பினேன். முகூர்த்த நாள் என்பது மண்டையில் ஏறவில்லை. முகூர்த்த நாளில் திருவந்திபுரம் என்றால் தேவநாதசாமி கோயில் மலையில் ஒரு தாலிக்கும் அடுத்த தாலிக்கும் நடுவில் மேளக்காரர் மூச்சு விடக்கூட நேரம் இருக்காது. முக்கால் மணி நேரம் நின்றோம். பக்கத்து வேனிலிருந்து ஒரு அம்மா கண்ணாடியை இறக்கி, "நீங்க பொண்ணு வீடா?" என்று கேட்டார்.

பண்ணைக்குப் போய்ச் சேரும்போது மணி பத்தரை. செம்மண் நிலம், ஐந்து ஏக்கர் இருக்கும். முந்திரியும் ஊடே பலாவும். கட்டில் இருந்தது, ஊஞ்சல் இருந்தது. ரீல்ஸில் வராத எறும்பும் இருந்தது. ஊஞ்சலில் உட்கார்ந்து போட்டோவுக்குச் சிரித்த என் மனைவி, சிரித்த முகத்தோடே எழுந்து ஓடினாள்.

பண்ணைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். ஏன் இந்தக் கட்டில், ஊஞ்சல் எல்லாம் என்று கேட்டேன். "தானே புயல் சார்" என்றார். 2011 டிசம்பர் 30, விடியற்காலை. "சத்தம் நின்னதும் கதவைத் திறந்து பார்த்தா, வாசல்ல இருந்தே ரோட்ல போற பஸ் தெரியுது. பொறந்ததுல இருந்து எங்க வீட்ல நின்னு ரோட்டைப் பார்த்ததில்ல சார்." அவ்வளவு மரமும் போய்விட்டது. முந்திரி ஒட்டுக்கன்று வைத்தால் சில வருடத்தில் காய்க்கும். தாத்தா வைத்த பலாவுக்கு எங்கே போவது? "அதான், மரம் வளர்ற வரைக்கும் கட்டில் போட்டேன்" என்று சிரித்தார். தப்பித்த இரண்டு பலாவில் ஒன்றைக் காட்டினார். அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க நானும் பாப்பாவும் சேர்ந்தும் கை எட்டவில்லை. அடியிலிருந்து கிளை வரை பழம் தொங்கியது. வேரை ஒட்டி ஒன்று பாதி மண்ணில் உட்கார்ந்திருந்தது.

இதற்குள் அம்மாவைக் காணோம். தேடிப் போனால், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வேலையாட்களோடு உட்கார்ந்து முந்திரிப்பழத்திலிருந்து கொட்டையைத் திருகிப் போட்டுக்கொண்டிருக்கிறார். பழத்தை இடது கையில் பிடித்து, கொட்டையை ஒரே ஒரு திருகு. கொட்டை ஒரு கூடைக்கு, பழம் இன்னொரு கூடைக்கு. கையைப் பார்க்கவே இல்லை, வாய் மட்டும் பக்கத்துப் பெண்ணிடம் அவர் ஊர் எது, யார் வீடு என்று விசாரித்துக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் அந்தப் பெண் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட நாத்தனார் முறை என்று தெரியவந்தது. அப்புறம் அம்மா அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. 100 ரூபாய் கட்டிவிட்டு இரண்டு மணி நேரம் கூலி வேலை பார்த்தவர் என் அம்மாவாகத்தான் இருக்கும்.

பாப்பாவுக்கு முந்திரிப்பழம் ஆச்சரியம். கொட்டை பழத்துக்கு வெளியே தொங்குவதை நம்பவே இல்லை. "உள்ளதானே இருக்கணும், ஏன்பா வெளிய வந்துச்சு?" என்றாள். அவசரக்குடுக்கைகளை ஏன் முந்திரிக்கொட்டை என்கிறோம் என்று விளக்கினேன். விளக்கியதோடு நிறுத்தியிருக்கலாம். "இதுக்குள்ளதான் நாம பாயசத்துல போடற பருப்பு இருக்கு, பாரு" என்று பச்சைக் கொட்டை ஒன்றை வாயில் வைத்துக் கடித்துவிட்டேன்.

கொட்டையின் ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது. தோலில் பட்டாலே பொத்துவிடும். அதனால்தான் உடைப்பவர்கள் கையில் சாம்பலைத் தொட்டுக்கொள்வார்கள், அதனால்தான் முதலில் தகரத்தில் போட்டு வறுப்பார்கள். வறுக்கும்போது அந்த எண்ணெய் குப்பென்று பற்றி எரிவதை அரை மணி நேரம் கழித்துப் பண்ணைக்காரர் எங்களுக்குக் காட்டினார். கொஞ்சம் முன்னாடியே காட்டியிருக்கலாம்.

கீழுதட்டில் மிளகாயை அரைத்து அப்பியது போல இருந்தது. அம்மா ஓடிவந்து என் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "என் வயித்துல பொறந்துட்டுக் கொட்டையைக் கடிக்கிறியேடா. ஊரு சிரிக்கும்" என்றார். ஊர் ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் இருந்தது. நாத்தனார் முறைக்காரி தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தார்.

மதியச் சாப்பாட்டைப் பற்றி நான் விரிவாக எழுத முடியாது. பலாக்கொட்டையும் முருங்கைக்காயும் போட்ட கருவாட்டுக் குழம்பு. மற்றவர்கள் மூன்று தடவை சோறு வாங்கினார்கள். நான் மோர் குடித்தேன், உதட்டில் படாமல் அண்ணாந்து.

சாப்பாட்டுக்கு மேல் பலா அறுத்தார்கள். பண்ணைக்காரரின் மனைவி கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு பழத்தை நெடுக்கில் பிளந்தார். வெள்ளைப் பால் கொப்பளித்தது. ஒரு குச்சியை எடுத்து அந்தப் பாலை நூல் சுற்றுவதுபோலச் சுற்றிச் சுற்றி எடுத்து ஓரமாக வைத்தார். நடுத்தண்டைச் சீவி எறிந்து தோலைப் பின்பக்கம் மடக்கினார். மஞ்சள் சுளைகள் தாமாகவே வாயைத் திறந்துகொண்டு நின்றன. பிய்த்துத் தருகிறேன் என்று எண்ணெய் தொடாமல் கை வைத்த என் மனைவிக்கு அப்புறம் செல்போன் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது. பாப்பா செல்லைக் கேட்காமல் இருந்த ஒரே அரை மணி நேரம் அதுதான்.

அடுத்துதான் மாமா களத்தில் இறங்கினார். காலையில் போன மானத்தை மீட்கவேண்டும். குவித்து வைத்திருந்த பழங்களை ஒவ்வொன்றாகத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், முள்ளை வருடினார். கடைசியில் இருப்பதிலேயே பெரியதாக ஒன்றின் மேல் கையை வைத்து, "தொம்முன்னு கேக்குது பாருங்க மாப்ளை. நாளைக்குக் காலைல வெட்டலாம்" என்றார்.

"ஐயா, அதுக்கு இன்னும் நாளாகும். முள்ளு விரியல பாருங்க" என்றார் பண்ணைக்காரர்.

"நான் நாப்பது வருஷமா தட்டறேன் தம்பி."

அதற்கு மேல் அவர் என்ன சொல்வார்? 18 கிலோ, 400 ரூபாய். அம்மா விலை பேசவில்லை. தான் பார்த்த வேலைக்குக் கூலியாக ஒரு படி வறுத்த முந்திரியை ஏற்கெனவே வாங்கி முடிந்துகொண்டுவிட்டார்.

எங்களுடையது சிஎன்ஜி கார். டிக்கியில் சிலிண்டர்தான் குடியிருக்கிறது. அதனால் பழம் முன்சீட்டில் ஏறியது, மாமா பின்சீட்டுக்குப் போனார். வண்டியை எடுத்தவுடன் 'டிங் டிங் டிங்' என்று அலாரம். சீட்டில் ஆள் உட்கார்ந்திருப்பதாகக் காருக்கு நினைப்பு. பண்ருட்டி வரை பொறுத்துப் பார்த்தோம், அது நிறுத்துவதாக இல்லை. இறங்கிப் பழத்துக்கு பெல்ட்டை மாட்டினேன். நிம்மதியாக வந்துகொண்டிருந்தோம்.

ஆல்பேட்டையில் அதே போலீஸ்காரர், இப்போது எதிர்ப்பக்கத்தில். காரை அடையாளம் கண்டு கையைக் காட்டினார். கண்ணாடியை இறக்கினேன். முன்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எங்க சார் போய்ட்டு வரீங்க?" என்றார்.

உதடு இதற்குள் பணியாரம் அளவுக்கு வீங்கியிருந்தது. "ஃபண்ணுட்டி" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "இறங்குங்க சார். ஊதுங்க."

அந்தக் குழாயில் ஊத உதட்டைக் குவிக்கவேண்டும். குவிக்கமுடிந்தால் நான் ஏன் இப்படிப் பேசப்போகிறேன்? மூன்று தடவை காற்று ஓரமாகப் போயிற்று. நாலாவது தடவை கண்ணில் நீர் வர ஊதினேன். கருவி பூஜ்யம் காட்டியது. அவர் அதை நம்பாமல் தட்டிப் பார்த்தார்.

"அவன் குடிக்க மாட்டான் தம்பி. பச்சை முந்திரிக்கொட்டையைக் கடிச்சிட்டான்" என்றார் அம்மா உள்ளேயிருந்து.

"பச்சைக் கொட்டையையா? எந்த ஊரும்மா நீங்க?"

"நான் காடாம்புலியூர்ப் பக்கம். இவன் பாண்டில வளர்ந்தவன்."

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தனக்கும் அந்தப் பக்கம்தான் என்றார். ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் பழத்தை இரண்டு தட்டு தட்டினார். இன்னொரு தடவை தட்டினார்.

"யார் சார் இதைப் பொறுக்கினது? இன்னும் காயா இருக்கே."

பின்சீட்டில் மாமா ஜன்னலுக்கு வெளியே தென்பெண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் தண்ணீரே இல்லை.

திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்குக் கிளம்பவேண்டியவர், "பழுத்ததும் ரெண்டு சுளை சாப்பிட்டுட்டே போறேன்" என்று தங்கிவிட்டார். இன்று வியாழன். என் உதடு வற்றிவிட்டது. தினமும் காலையில் அம்மா குனிந்து கட்டிலடியில் இரண்டு தட்டு தட்டுகிறார். ஹாலில் மாமா பேப்பரைத் தாழ்த்திக் காதைக் கொடுக்கிறார். 'டங்கு டங்கு' என்றுதான் கேட்கிறது. பேப்பர் மறுபடி மேலே போய்விடுகிறது.