அறுபது மீன்கள்

பொரிப்பகத்தில் வளர்ந்த சால்மன் குஞ்சுகளை ஆற்றில் திறந்துவிடுவதற்குச் சில வாரம் முன்பு அவற்றின் உடல்நிலையைப் பரிசோதிப்பதுதான் பல வருடம் என் வேலை. ஒரு கூட்டத்தில் பத்தாயிரக்கணக்கில் மீன் இருக்கும். அதிலிருந்து 60 எடுப்போம். நூற்றுக்கு ஐந்து மீனுக்கு ஒரு நோய் இருந்தால், அந்த 60இல் ஒன்றாவது நோயுள்ளதாக இருக்க 95 சதவீத வாய்ப்பு உண்டு. நோய் அதைவிடக் குறைவாகப் பரவியிருந்தால் நம் வலையில் சிக்காமலே போகலாம். அதனால் அறிக்கையில் "நோய் தென்படவில்லை" என்றுதான் எழுதுவேன். "நோய் இல்லை" என்று எழுத எனக்குக் கை வராது.

ஆனால் வலையை எங்கே போடுகிறோம் என்பது சரியாக இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தண்ணீர் வெளியேறும் முனையில் ஒதுங்கி நின்ற மீன்களையே அள்ளிக்கொண்டு வந்தேன். சுலபமாகச் சிக்கின. மேசையில் வைத்துப் பார்த்தால் மெலிந்த உடல், வெளிறிய செவுள், அரித்துப்போன துடுப்பு. பயந்துவிட்டேன். உடனிருந்த மூத்தவர், "தெம்பில்லாத மீனைத் தண்ணீர் அங்கேதான் தள்ளிக்கொண்டு வந்து சேர்க்கும். தொட்டி முழுக்கப் பரவலாக எடுத்து வாருங்கள்" என்றார். அப்புறம் மேல்முனை, நடு, கீழ்முனை என்று எடுக்கப் பழகினேன். ஒதுங்கிய மீன்களை விட்டுவிடவும் கூடாது. தனியாக எடுத்து, தனியாகக் குறிக்க வேண்டும். பெரும்பாலும் நோய் முதலில் தலைகாட்டுவது அவற்றில்தான்.

மயக்க மருந்து கூடுதலாகக் கலந்த வாளியில் செவுள் மூடி அசைவது நின்ற பிறகே மீனைத் தொடுவோம். நீளம், எடை, அப்புறம் செவுளில் ஒரு துணுக்கு நுண்ணோக்கிக்கு. விலாவில் இருந்த கரும்பட்டைகள் மங்கி உடல் வெள்ளியாக மின்னினால், செதில் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தால், மீன் கடலுக்குத் தயாராகிறது என்று பொருள். அந்தப் பருவத்தில் உடலும் கொஞ்சம் ஒல்லியாகும். அது நோயல்ல, ஆனால் பழகாத கண் ஏமாறிவிடும்.

வயிற்றைத் திறந்து நீச்சல் பையை ஒதுக்கினால், முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்புப் பட்டையாகச் சிறுநீரகம் கிடக்கும். நான் அதிக நேரம் பார்ப்பது இதைத்தான். ரெனிபாக்டீரியம் என்ற நுண்ணுயிர் தாக்கியிருந்தால் அது வீங்கி, சாம்பல்வெள்ளை முடிச்சுகள் தெரியும். மீனிலிருந்து மீனுக்குப் பரவுவதோடு, தாயிடமிருந்து முட்டைக்குள்ளேயே இது புகுந்து வரும். முட்டையின் வெளிப்புறத்தை அயோடினில் கழுவினாலும் உள்ளே இருப்பதை எட்டாது. நோய் மெதுவாக முற்றுவதால் வெளியே பளபளப்பாக இருக்கும் மீனை நம்பிவிட முடியாது. சிறுநீரகத் துணுக்குகளை ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுவோம். வைரஸ் சோதனைக்குச் செல்வளர்ப்பில், அதாவது ஆய்வகத்தில் வளர்க்கும் உயிரணுக்களில் வைரஸ் பெருகுகிறதா என்று பார்க்க, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதால்தான் இத்தனை முன்கூட்டியே தொடங்குகிறோம்.

ஒரு வருடம் ஒரே ஒரு மீனில் இரண்டு முடிச்சு இருந்தது. மற்ற 59இலும் ஒன்றும் தெரியவில்லை. அந்த மீனைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆற்றில் விடாமல் நிறுத்தினால் கடலுக்குத் தயாரான உடல் அந்தப் பருவத்தைத் தவறவிடும். நெரிசலில் நோயும் பரவும். விட்டால் ஆற்றில் இருக்கும் மீன்களுக்கு என்ன ஆகும்? ஆய்வக முடிவு வந்து, நுண்ணுயிரின் அளவு குறைவுதான் என்று தெரிந்த பிறகே விட முடிவெடுத்தோம். அன்று மாலை கீழ்முனைத் திரையைத் தூக்கினார்கள். முதலில் வெளியேறியவை, அந்த முனையில் ஒதுங்கி நின்ற மெலிந்த மீன்கள்தான்.