கரித்துண்டுக்கு எத்தனை வயது?

அகழாய்வுக் குழியை வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "சார், இந்தப் பானைக்கு எத்தனை வயசு?" என்றுதான். கரிமக் (கார்பன்) காலக்கணிப்பு பானையின் வயதைச் சொல்வதில்லை. பானைக்குப் பக்கத்தில் கிடந்த கரி எந்தக் காலத்து மரம் என்பதைத்தான் சொல்லும். இரண்டும் ஒரே காலத்தவை என்று காட்டுவது குழியில் நிற்கிறவர்களின் பொறுப்பு. அகழாய்வில் வேலை பார்த்த வருடங்களில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான்.

காஸ்மிக் கதிர்களின் விளைவாக, மேலே காற்றிலுள்ள நைட்ரஜனில் துளி அளவு, தானாகவே சிதைந்துகொண்டிருக்கும் கார்பன் வகையான கார்பன்-14 ஆக மாறிக்கொண்டே இருக்கிறது. செடி அதைக் காற்றிலிருந்து எடுக்கிறது. செடியைத் தின்னும் உயிருக்கும் அது போய்ச் சேருகிறது. உயிர் போனதும் வரவு நின்றுவிடும். இருப்பு மட்டும் சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகும். மிச்சத்தை அளந்து காலத்தைக் கணிக்கலாம் என்று 1940களின் கடைசியில் செய்துகாட்டிய வில்லார்ட் லிபிக்கு 1960இல் நோபல் பரிசு கிடைத்தது.

கரித்துண்டு கண்ணில் பட்டால் வெறும் கையால் தொடமாட்டோம். கரண்டி நுனியால் எடுத்து, அலுமினியத் தாளில் சுற்றி, குழி எண், அடுக்கு, ஆழம் எல்லாம் எழுதி வைப்போம். அதற்கும் முன்னால் சுற்றியுள்ள மண்ணைப் படிக்க வேண்டும். எலி வளை இருக்கிறதா, வேர் இறங்கியிருக்கிறதா, பிற்காலத்தில் யாராவது குப்பைக்குழி வெட்டினார்களா என்று பார்க்க வேண்டும். வளை வழியாகக் கீழே இறங்கிய மேலடுக்குக் கரியை ஆய்வகம் துல்லியமாகவே அளந்து கொடுக்கும். அந்த வயது அடுக்குக்குப் பொருந்தாது, அவ்வளவுதான்.

மரத்திலேயே இன்னொரு சிக்கல் உண்டு. முதிர்ந்த மரத்தின் உள்வளையங்கள் வெட்டப்படுவதற்குப் பல காலம் முன்பே வரவை நிறுத்தியிருக்கும். அந்த மரம் உத்திரமாக நூறு வருடம் இருந்து, அப்புறம் அடுப்புக்குப் போயிருக்கலாம். அதனால் எனக்குக் கரியைவிட நெல்மணிமேல்தான் நம்பிக்கை அதிகம். அது ஒரு பருவத்துப் பயிர். பழனிக்கு அருகே பொருந்தலில் ஈமச்சின்னத்தில் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 490 என்று வந்த காலம் அவ்வளவு மதிப்புப் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் வேலையில் பெரிய இடைஞ்சல் வேறு. காற்றில் கார்பன்-14 எப்போதும் ஒரே அளவில் இருந்ததில்லை. அதனால் ஆய்வக எண்ணை, மர வளையங்களை வைத்து உருவாக்கிய வளைகோட்டோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். கி.மு. 800 முதல் 400 வரை அந்தக் கோடு கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடக்கிறது. அந்தக் காலத்தில் காற்றில் இருந்த அளவு மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. முன்னால் வாழ்ந்த மரம் அதிகம் பெற்று அதிகம் இழந்தது. பின்னால் வாழ்ந்தது குறைவாகப் பெற்று குறைவாக இழந்தது. இன்று இரண்டிலும் மிச்சம் ஏறக்குறைய ஒன்றே. ஆய்வகம் 2,450 ஆண்டு என்று கொடுத்தால், திருத்தியபின் அது கி.மு. 750க்கும் 410க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் விழலாம். தமிழகத்தில் எழுத்தும் நகர வாழ்வும் தொடங்கிய காலத்தை நாம் தேடுவதும் இதே நூற்றாண்டுகளில்தான்!

கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிக்கு கி.மு. 580 என்று 2019 அறிக்கை சொன்னது. அந்த எண்ணைப் பார்த்து நானும் மகிழ்ந்தேன். ஆனால் செய்திகளில் எண் மட்டும் ஓடியது. இருபுறமும் உள்ள இடைவெளி ஓடவில்லை. அந்த அறிக்கையில் எனக்குப் பிடித்தது, 200 செ.மீ. ஆழத்து மாதிரிக்கு கி.மு. 205 என்று வந்ததும்தான். மேலே இளையது, கீழே மூத்தது என்று வரிசை சரியாக நிற்கிறது.

சுமார் 50,000 ஆண்டைத் தாண்டினால் அளக்கும் அளவுக்கு மிச்சம் இருக்காது. சென்னைக்கு அருகே அதிரம்பாக்கத்தில் கிடைத்த, அதைவிட மிகப் பழைய கல்லாயுதங்களுக்கு வேறு முறைகளைத்தான் நாடினார்கள்.

தட்டைக் கோட்டுக்கும் ஓரளவு வழி உண்டு. ஒரே குழியில் அடியிலிருந்து மேல்வரை ஒவ்வொரு அடுக்கிலும் மாதிரி எடுத்து, அடுக்கு வரிசையையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் இடைவெளி சுருங்கும். பணம் கூடுதலாகத்தான் ஆகும். ஆனாலும் பத்து ஊர்களுக்கு ஒவ்வொரு மாதிரி என்பதைவிட, ஒரே ஊரில் பத்து மாதிரி அனுப்பலாம் என்றுதான் ஒவ்வொரு பருவத்திலும் கேட்டுக்கொண்டிருந்தேன்.